துவாய்க்குள் ஒரு டெலிபோன்

மன்னார்த் தீவில் ஒரு விலையைக்கூட வாயால் சொல்லாமல் பணக்காரரான மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் துவாய் முதலாளிதான். ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். மழை, மருமகன், மாட்டுக்கு வந்த காய்ச்சல் என்று எதைப் பற்றியும் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்வரை பேசுவார். விலை என்று வந்தால் மட்டும் வாய் மூடும்; தோளில் கிடக்கும் துவாய் விரியும்.

சிலாபத்துறை முத்துக்குளிப்பில் இளந்தாரியாக நின்றபோது படித்த பழக்கம் அது. அங்கே முத்து வியாபாரிகள் கைகளைத் துணியால் மூடிக்கொண்டு, விரல் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து, விரல்கணுவை அமுக்கினால் அரை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முத்துக்கு இது சரி. முதலாளியோ முத்தை விட்டுச் சங்கு வியாபாரத்துக்கு வந்த பிறகும், கறிக்கு வாங்கும் மீனுக்குக்கூடத் துவாயை விரித்தார். பக்கத்து மீனவக் கிராமமான தாழ்வுபாட்டுப் பெண்கள் மீன் கொண்டுவந்தால் கையைப் பிடிக்க முடியாதல்லவா? புருசனோ அண்ணனோ வந்து சேரும்வரை மீன் வெயிலில் கிடக்கும். அவர் வீட்டில் எந்நாளும் கருவாட்டுக் கறி மணப்பதற்கு இதுதான் காரணம் என்று ஊரில் கதை.

ஒருமுறை அரசாங்கக் கந்தோரான கச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை, மேசையில் வைக்க ஒரு சங்கு கேட்டு வந்தார். முதலாளி துவாயை விரித்துக் கையை நீட்டினார். துரை இதை ஊர் வரவேற்பு என்று எண்ணி, துவாய்க்குள் கையை விட்டு, முழுக் கையையும் பிடித்துக் குலுக்கினார். விட்டார், மறுபடி பிடித்துக் குலுக்கினார்.

"தம்பி, இந்த மனுசன் தானே விலையை ஏத்திக்கொண்டு போறார்," என்றார் முதலாளி என் காதுக்குள். கடைசியில் சங்கைச் சும்மா கொடுத்து அனுப்பினார். "யாவாரம் தெரியாதவரிட்டக் காசு வாங்கப்படாது."

அந்தக் கடையில் நான் கணக்கெழுதுகிற கிளாக்கர். சுவாமிமாரின் பள்ளியில் இங்கிலீசு படித்தவன்; அதாவது, இங்கிலீசில் ஏசினால் எனக்கு விளங்கும். கொழும்பில் படித்துவிட்டு வந்த முதலாளியின் மகன், கடைக்கு டெலிபோன் வேண்டும் என்றபோது, அவரைவிடப் பலமாகத் தலையாட்டியவன் நான்தான். அதனால் பெட்டி சுவரில் ஏறிய அன்றே முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் சங்கை வருசா வருசம் வாங்கி, வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்கு அனுப்புகிற கொழும்பு ஹாஜியார், முத்துக்குளிப்புக் காலத்திலிருந்தே முதலாளியின் கூட்டாளி. அந்த வருசம் அவருக்கு முழங்கால் வீக்கம். ரயில் ஏறி வரமுடியாது. கொட்டில் நிறையச் சங்கு கிடந்தது.

"கல்கத்தாக் கப்பல் வெளிக்கிட முந்தி இந்தப் பெட்டியால சங்கு போகோணும். போகாட்டி, பெட்டியும் நீயும் ஒரே வண்டிலில போவீங்கள்."

"போகும் முதலாளி. நீங்கள் விலையைச் சொன்னால் போதும்."

"நான் சொல்லுறது ஹாஜியாருக்கு மட்டுந்தான் கேக்குமோ?"

"நடுவில லைன் குடுக்கிறவருக்கும் கேக்கும்."

"அப்ப நான் சந்தைக்குள்ள நிண்டு கத்திப்போட்டுப் போறனே."

மகனுக்குப் பொறுக்கவில்லை. "வாப்பா, உலகம் முழுக்க இப்ப இப்பிடித்தான் யாவாரம் செய்யுது."

"உலகத்திட்டத் துவாய் இல்லை மகன். என்னட்ட இருக்கு."

லைன் கிடைத்தது. முதலாளி குழாயைக் காதில் வைத்து, "சங்குக்குள்ள கேக்கிற இரைச்சல்தான் இதுக்குள்ளயும் கேக்குது," என்றார். நடுவில் இருந்தவருக்கு முதலில் சலாம் சொன்னார். பிறகு ஹாஜியாருக்குச் சலாம். பிறகு முழங்கால். என்ன எண்ணெய் பூசுவது, எந்தப் பக்கமாகத் தடவுவது என்பதிலேயே நேரம் போய்க்கொண்டிருந்தது.

"வாப்பா, நேரம் முடியுது, லைனை வெட்டப்போறாங்கள். விலையைச் சொல்லுங்கோ."

முதலாளி அவசரப்படாமல் ஆறுதலாகத் துவாயை எடுத்து உதறி, டெலிபோன்மேல் போர்த்தார். அதற்குள் தன் தலையையும் விட்டார். எந்தக் குழாய் எதற்கு என்ற சந்தேகம் வந்திருக்கவேண்டும்; என் கழுத்தைப் பிடித்து என்னையும் உள்ளே இழுத்தார். உள்ளே இருட்டு, அத்தர் வாசம், சங்கு நாற்றம். தன் வெள்ளி மோதிரத்தால் பேசுகிற குழலில் தட்டினார். டொக், டொக், டொக். பிறகு நகத்தால் ஒரு சுரண்டல்; அது அரை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வேலை போய், தாழ்வுபாட்டில் என் மாமாவின் மீன்பிடித் தோணியில் நான் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. கடலைக் கரையிலிருந்து பார்த்தாலே வாந்தி எடுக்கிறவன் நான்.

அப்போது குழாய்க்குள் கேட்டது. டொக், டொக். ஒரு சுரண்டல்.

"பாத்தியா, கிழவன் குறைக்கிறான்," என்றார் முதலாளி, சந்தோசமாக.

நடுவில் இருந்தவர் புகுந்தார். "ஹலோ, லைனில ஏதோ தட்டுப்படுது. பழுதாக்கும். வெட்டிப்போட்டுத் திருப்பித் தரட்டோ?"

"வெட்டாதேங்கோ ஐயா. அது பழுதில்லை, பேரம்," என்றேன் நான்.

"ஒருத்தரும் ஒண்டும் பேசேல்லையே?"

"ஓம். அதுதான் பேரம்."

இன்னும் சில தட்டுகள் போயின, வந்தன. திடீரென்று லைன் அறுந்தது. முதலாளி வெளியே வந்து முகத்தைத் துடைத்தார்.

"முடிஞ்சுது."

"என்ன விலைக்கு வாப்பா?"

முதலாளி மகனிடம் துவாயை நீட்டினார்.

எனக்கோ நித்திரை இல்லை. கடைசிச் சுரண்டல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததோ, மதவாச்சிப் பக்கம் வழியில் விழுந்ததோ, யாருக்குத் தெரியும்? முதலில் வந்தவர்கள் டெலிபோன்காரர்கள். லைனில் தட்டுகிற பழுதைத் தேடிக் கம்பம் கம்பமாக ஏறினார்கள். நான் ஒன்றும் தெரியாதவன்போல ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு ஹாஜியாரின் ஆள் ரயிலில் வந்து இறங்கினார். முதலாளி துவாயை விரித்தார். இரண்டு கைகளும் உள்ளே போயின. நான் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றையும் வாசிக்க முடியாது. கை வெளியே வந்தது.

"சரி, ஏத்துங்கோ," என்றார்.

கொட்டில் வெறுமையானதும் என்னைக் கூப்பிட்டார். துவாய் மறுபடியும் விரிந்து கிடந்தது. என்னை வேலைக்கு எடுத்தபோது சம்பளம் சொன்னதும் அதற்குள்தான். தலையைத் துவாய்க்குள் விட்டு லைன் கொடுக்கிறவரோடு வாய் காட்டியதற்குக் கணக்கு முடித்து அனுப்பப் போகிறார் என்று எண்ணிக்கொண்டே கையை நுழைத்தேன்.

அவர் எந்த விரலையும் பிடிக்கவில்லை. என் புறங்கைமேல் தன் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. அது எத்தனை என்று பிறகு மகனைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு தொகை முத்துக்குளிப்பில் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. நானும் அன்றைக்குக் கையை இழுக்காமல், அந்த விலைக்கே கடையில் இருந்துவிட்டேன்.