சுவருக்குள் போன மோதிரம்

நிச்சயதார்த்தத்துக்கு ஆட்கள் கூடத்தில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரமோ சம்பந்தி வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் இருந்தது.

முகம் கழுவும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று பெண்ணின் தகப்பனார் அதைச் சுவரில் பதித்த கண்ணாடி அலமாரியில் வைத்தார். அலமாரியின் பின்மூலையில் ஓர் ஓட்டை. மோதிரம் உருண்டது, நுழைந்தது, உள்ளே எங்கோ 'டிங்' என்றது.

"சம்பந்திகிட்ட சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"எதை? பொண்ணு குடுக்க வந்த இடத்துல மோதிரத்தைத் தொலைச்சுட்டேன்னா? நம்ம பரம்பரையில எவனும் அடுத்தவன் வீட்டுல கையைப் பிசைஞ்சுட்டு நின்னதில்லை. போய்க் கத்தி கொண்டா!"

நல்லவேளை, செங்கல் சுவரல்ல, ஜிப்சம் பலகை. அலமாரிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு அறுத்துக் கையை விட்டார். அடிவரை எட்டவில்லை.

"தரையோரமா அறுத்திருக்கணும்."

"முன்னாடியே சொன்னா என்ன?"

"நீங்க என்னைக்குக் கேட்டீங்க?"

தரையோரம் இன்னொரு ஓட்டை. இம்முறை மோதிரம் விரலில் தட்டியது. பற்றினார். மூடிய கை வெளியே வர மறுத்தது.

கதவு தட்டப்பட்டது. "சம்பந்தி, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"ஒண்ணுமில்லைங்க, இதோ!" என்று எழுந்தார். பாதிப் பலகையும் அவரோடு எழுந்தது.

துண்டுகளைப் பொருத்தி, சந்துகளில் பற்பசையை அப்பினாள் மனைவி. வெள்ளைச் சுவரில் பச்சைக் கோடுகள்.

"பெயின்ட் மாதிரியே இருக்கு," என்றார் அவர்.

"ஆமா, வாசனைதான் ஊரைத் தூக்குது."

தோளிலும் கையிலிருந்த மோதிரத்திலும் வெள்ளைப் பொடியோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

மோதிரம் மாப்பிள்ளையின் விரலில் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அளவு வாங்கித்தானே செஞ்சோம்!" என்று திருகி அழுத்திப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் தடாலென்று சத்தம். எல்லோர் தலையும் திரும்பியது. இனி மறைத்துப் பயனில்லை.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. மோதிரம் உங்க குளியலறைச் சுவத்துக்குள்ள விழுந்துடுச்சு. நான்தான் சுவத்தை அறுத்து எடுத்தேன்." வாழ்நாளில் முதல் முறையாக அவர் தலை குனிந்தது.

சம்பந்தி வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா மோதிரத்தை வாங்கி, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பினார். விளிம்பில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய நசுங்கல். மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார்.

"இது அவங்க மோதிரம் இல்லைங்க, நம்ம கல்யாணத்துல நீங்க எனக்குப் போட்டது, எங்க அண்ணன் திருடிட்டார்னு இத்தனை வருஷமா அவரை வாசப்படி மிதிக்க விடலையே, அது இதுதான்!"