ஃபின்லே செய்யாத சத்தியம்

ஒரு மனிதனைத் தூக்கில் போடுவதென்றால் முறைப்படி போட வேண்டும். இந்த விஷயத்தில் இங்கிலாந்து ராஜாவின் நியாயக் கச்சேரியைக் குறை சொல்லவே முடியாது. எங்கள் ஸ்காட்லாந்தில் எட்டு வருஷமாக அவர்களுடைய கோட்டைகளைக் கொளுத்திக்கொண்டிருந்த ஃபின்லே ராட்ரேயை என் மாவு மில்லுக்குப் பின்னால்தான் பிடித்தார்கள். அவர் அங்கே எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியவே தெரியாது என ஷெரீப்பிடம் சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக அவருக்கு ஓட்ஸ் கஞ்சி ஊற்றியது நான்தான் என்பது வேறு விஷயம்.

சந்தைத் திடலில் ஷெரீப் முன்னால் விசாரணை. ராஜத்துரோகக் குற்றம். தீர்ப்பை முதல் நாளே எழுதி முத்திரையும் வைத்தாகிவிட்டது. ஆனாலும் கைதியின் சந்தேகத்தைத் தீர்ப்பது மேற்படி கச்சேரியின் வழக்கம்.

“துரோகம்னா என்னங்க?” என்று கேட்டார் ஃபின்லே.

“ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணிட்டு மீறுறது” என்றார் ஷெரீப்.

“நான்தான் பண்ணவே இல்லையே.”

எழுத்தர் ஆஸ்பர்ட் சத்தியம் செய்தவர்களின் பட்டியலை விரித்தார். எங்கள் எல்லாருடைய பெயரும் இருந்தது. செத்துப்போன கோயில் மணிக்காரர் பெயர்கூட இருந்தது. ஃபின்லே பெயர் இல்லை.

“சரி, இப்ப பண்ணச் சொல்லு” என்றார் ஷெரீப் எழுத்தரிடம்.

“பண்ணிட்டா மன்னிச்சாகணும் எஜமான். சத்தியம் பண்ணினவங்களோட பழைய குத்தமெல்லாம் தள்ளுபடின்னு ராஜா உத்தரவு இருக்கு.”

“பண்ணலைன்னா?”

“துரோகி இல்லை. அந்நியர். சாப்பாடு போட்டு மரியாதையா எல்லையில விடணும்.”

திடலே சிரித்தது. மனுஷன் பிழைத்தார் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆஸ்பர்ட் கடமை தவறாதவர். பட்டியலோடு இருந்த சட்டத்தை விடாமல் படித்துக்கொண்டிருந்தார். “ஆனா எஜமான், சத்தியம் பண்ணினவங்க யாராவது இவருக்குக் கஞ்சி ஊத்தியிருந்தா, அவங்கதான் துரோகி. அந்த இடத்துல சட்டம் ரொம்பத் தெளிவு.”

சிரிப்பு நின்றது. கஞ்சி ஊற்றாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. பாதிரியார் தம் போர்வையையே கொடுத்திருந்தார்.

ஷெரீப் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “இத்தனை பேருக்குக் கயிறுக்கு எங்க போறது? ஃபின்லே எட்டு வருஷத்துக்கு முந்தியே சத்தியம் பண்ணினதை யாராவது பார்த்திருந்தா, ஒரே கயிறோட வேலை முடிஞ்சிடும்.”



“பார்த்த மாதிரிதான் இருக்கு” என்றார் செருப்புத் தைக்கும் மர்டோ.

“முட்டி போட்டுக்கூடப் பண்ணினார்” என்றார் பாதிரியார்.

“அன்னிக்கு நல்ல மழை” என்று பின்னாலிருந்து ஒரு குரல் சேர்த்தது.

என் முறை வந்தது. ஃபின்லே என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை.

“சொல்லிடுப்பா. பிள்ளைகுட்டிக்காரன் நீ.”

வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

மத்தியானத்துக்குள் தூக்கில் போட்டு, உடம்பை நாலாக வெட்டி, நாலு ஊருக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கு ரசீதும் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது இங்கிலாந்துக்காரர்கள் போய் ராஜ்யம் மாறிவிட்டது. ஊரில் யாரைப் பார்த்தாலும் ஃபின்லே வைத்திருந்த மாதிரி தாடி. அவரோடு தோளோடு தோள் நின்று சண்டை போடாத ஆளே இங்கே கிடையாது. அத்தனை பேரும் அன்றைக்கு எங்கே போனார்கள் என்றுதான் தெரியவில்லை. சாட்சி சொன்ன பாவிகளைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் காறித் துப்புகிறோம். யாராவது உங்களிடம் கேட்டால், நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் என்னை வேறு ஊரில் நீங்களே பார்த்ததாகச் சொல்லலாம்.