வேல்ராஜின் எலும்பு வயது

"எலும்பைப் பாத்தே வயசைச் சொல்லிடுமாம் அங்கிள், அந்த மெஷின். இன்னும் மூணு மாசத்துல நம்ம கம்பெனிக்கு வருது. ரெக்கார்டுல ஒரு வயசு, எலும்புல ஒரு வயசுன்னா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

கம்பெனி முதலுதவி அறை நர்ஸ் ஷெர்லின் போகிற போக்கில் இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குன்றத்தூரில் அவர் தெருவிலேயே குடியிருக்கும் பெண், பொய் சொல்லமாட்டாள். கேட்டில் நின்ற செக்யூரிட்டி வேல்ராஜ் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ.

கலங்குவதற்குக் காரணம் இருந்தது. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் வார்க்கும் அந்தக் கம்பெனியின் ரெக்கார்டில் அவருக்கு வயது ஐம்பத்துநான்கு. நிஜத்தில் அறுபத்திரண்டு. ஐந்து வருடம் முன்பு வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்ட் ஆள், "அம்பதுக்கு மேலன்னா எடுக்க மாட்டாங்க" என்று சொல்லி, படிவத்தில் எட்டு வயதைக் கழித்து எழுதினார். ஆதார் நகலில் பிறந்த வருடத்தின் மேல் ஜெராக்ஸ் மை அப்பிக்கொண்டது தெய்வச் செயல் என்றே வேல்ராஜ் இன்றுவரை நம்புகிறார்.

மெஷினையும் அவர் நம்பினார். இரும்புக்குள் ஒளிந்திருக்கும் மயிரிழை விரிசலையே படம்பிடித்துக் காட்டும் கம்பெனி இது. எலும்பு எம்மாத்திரம்?

வேலை போனால் சோற்றுக்குக் குறைவில்லை, மகன் ரஞ்சித் பார்த்துக்கொள்வான். போகப்போவது வேறு. தொப்பியை மாட்டினால் நாற்பதடி லாரியும் அவர் கையசைவுக்குக் காத்து நிற்கும். தொப்பியைக் கழற்றினால் ரேஷன் கடை வரிசையில் அவரும் ஒரு கிழவர். அந்தக் கிழவராக மட்டும் ஆகமாட்டேன் என்று வேல்ராஜ் பல்லைக் கடித்தார்.

"எலும்பை எளசாக்கிட்டாப் போச்சு!"

வழி தெரியாமல் இல்லை. சர்க்கரை முந்நூறைத் தொட்ட அன்றே டாக்டர் சொன்னதுதான். தினமும் நடக்கணும், இனிப்பைக் குறைக்கணும், பீடியை விடணும், பத்து மணிக்குப் படுக்கணும். மனைவி காஞ்சனாவும் ஒன்றரை வருடமாக அதையே காலை மாலை ஓதிப் பார்த்தாள். வேல்ராஜ் மசியவில்லை. செய் என்றால் செய்யாமலிருப்பதும், செய்யாதே என்றால் செய்வதும் அவருடைய பிறவிக்குணம். கல்யாண மேடையில் ஐயர் எழுந்திருக்கச் சொன்னபோதே, எதற்கு என்று கேட்டுவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தவர்.

மறுநாள் விடியலில் அவர் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது காஞ்சனா எழுந்து வந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வாக்கிங்."

ஒன்றரை வருடமாக நடக்கச் சொன்னவள் மூக்கில் விரலை வைத்தாள். "இந்த வயசுல இன்னா வாக்கிங்கு? முட்டி தேஞ்சுபூடும். பேசாம வூட்ல உக்காருங்க. கேசரி கிண்டி வெச்சிகினு கீறேன்."

"யாருக்குடி வயசாச்சு?"

முருகன் கோயில் மலைப்படியை ஒரே மூச்சில் ஏறி இறங்கினார். அடுத்த நாள் அவள், "ஏறினதே போதும், நெஞ்சு வலிக்கப் போவுது" என்றாள். இரண்டு முறை ஏறினார். "பீடி தேடறீங்களா? இந்தாங்க" என்று அவளே கட்டோடு நீட்டியபோது, அதை வாங்கி ஜன்னல் வழியாக விட்டெறிந்தார்.

இரண்டு மாதத்தில் எட்டு கிலோ குறைந்தது. வம்பும் அங்கேதான் பிறந்தது.

முதலில் யூனிஃபார்ம் பேண்ட். வெளிநாட்டிலிருந்து வந்த டைரக்டருக்கு விறைப்பாக சல்யூட் அடித்தபோது, பேண்ட் பெல்ட்டோடு முழங்காலுக்கு இறங்கிவிட்டது. அது இந்த ஊர் மரியாதை போலும் என்று எண்ணிய டைரக்டர், இடுப்புவரை குனிந்து பதில் மரியாதை செய்தார்.

அடுத்தது முகம். "இன்னாண்ணே, கன்னம் ஒட்டிப்போயி எழுவது வயசு ஆளு மாரி கீறீங்க?" என்றான் உடன் வேலை செய்யும் லோகேஷ். அன்றைக்கே தலைக்கும் மீசைக்கும் மை பூசிக்கொண்டார். மறுநாள் மத்தியான வெயிலில் மை வழிந்து, மீசை தாடைவரை நீண்டது.

யாரும் உற்றுப் பார்க்காமலிருக்க ஒரே வழிதான் அவருக்குத் தோன்றியது. ஓர் இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது. லாரி வந்தால் ஓடினார். கேட் பாஸ் வாங்க ஓடினார். தண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டும் ஓடினார். செக்யூரிட்டி சூப்பர்வைசர் அறிவுமதி பார்த்தார், அசந்துபோனார்.

"இப்படிப்பட்ட ஆளைச் சேர் போட்டு உக்கார வெச்சு வீணாக்கிட்டோமே!"

கேட் நாற்காலி லோகேஷுக்குப் போனது. வேல்ராஜ் பதினாறு ஏக்கர் காம்பவுண்டைச் சுற்றும் ரவுண்ட்ஸ் டியூட்டிக்குப் போனார். அறிவுமதி அதோடும் விடவில்லை. "மெஷின் வர்ற அன்னிக்கு நீங்கதான் ஃபர்ஸ்ட்டு. எல்லார் முன்னாடியும் ஏர்றீங்க. போட்டோ உண்டு."

அந்த நாளும் வந்தது. காலையில் காஞ்சனா, "மூஞ்சியே சரியில்ல, லீவு போட்டுட்டுப் படுங்களேன்" என்று சொல்லிவைத்தாள். வேல்ராஜ் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார்.

கேன்டீன் நடுவில் மெஷின் பளபளத்தது. சுற்றிலும் இருநூறு பேர்.

"ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க அங்கிள்" என்றாள் ஷெர்லின்.

ஒரு காலைத் தூக்கிய வேல்ராஜ், அதை மறுபடி கீழே வைத்தார். ஒரு தகர டப்பா தன்னைக் காட்டிக்கொடுப்பதா? பொறுக்காமல் அறிவுமதி பக்கம் திரும்பினார்.

"சார், இது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். எனக்கு அம்பத்துநாலு இல்ல, அறுவத்திரண்டு. வூட்டுக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா ஒண்ணு. இந்தக் காம்பவுண்டை என்கூட மூணு ரவுண்டு நிக்காம சுத்தறவன் எவனாவது இங்க கீறானா? இருந்தா வரட்டும். தொப்பியை அவன் கைல குடுத்துட்டு நான் போய்கினே இருக்கேன்!"

இருபத்தெட்டு வயது லோகேஷ் மெதுவாகச் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அறிவுமதி நெற்றியைத் தேய்த்தார். "ஒரு மாசமா உங்க பின்னாடி ரவுண்ட்ஸ் வந்து எனக்கே மூச்சு வாங்குது. இதுல யாரு போட்டிக்கு வருவா? வயசை மறைச்சது தப்புதான், திருத்தி எழுதிக் குடுங்க. அறுபது தாண்டினாலும் டாக்டர் ஃபிட்டுன்னு கையெழுத்துப் போட்டா வருஷா வருஷம் நீட்டிக்கலாம்னு ரூலே இருக்கே. அந்தக் காண்ட்ராக்ட்காரர் சொல்லலியா?"

கம்பெனி டாக்டர் அங்கேயே பரிசோதித்தார். சர்க்கரை நூற்றுப்பத்து, ரத்த அழுத்தம் சரியான அளவு. புருவத்தை உயர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வேல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்ப்பதற்குள் தொப்பியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி மெஷின் மேல் ஏறினார்.

"இப்ப சொல்லும்மா, என் எலும்புக்கு இன்னா வயசுன்னுது உன் மெஷினு?"

ஷெர்லின் அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்தது. "அங்கிள், இது எடை பாக்கற மெஷின், வயசை நாங்கதான் டைப் பண்ணணும்; 'எலும்பைப் பாத்து வயசு சொல்லும்னு அவர் காதுல போட்டு வையி, நடக்காதேன்னு தடுக்கற வேலையை நான் பாத்துக்கறேன்'னு சொன்னது காஞ்சனா ஆன்ட்டி!"