சோடிப்படக்காரர்

உலகத்தில் நடந்த எந்தப் போரிலும் தோற்றவர் என்று ஒருவருமில்லை. இரண்டு பக்கமும் வென்றுதான் இருக்கின்றன. இதைத் தன் கண்ணாலேயே பார்த்து உறுதிப்படுத்திய மனிதர் திருக்கோணமலையில் ஒருவர்தான் இருந்தார். தகப்பன் தாய் அவருக்கு வைத்த பெயர் வேலைத்தலப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் சோடிப்படக்காரர்.

துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கொம்பனி ஒன்றில் அவர் டெலி கிளாக்கர். கப்பலிலிருந்து இறங்குகிற கோதுமை மா மூட்டைகளை எண்ணுவது வேலை. அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. கப்பல் தட்டில் ஒருவர் நின்று எண்ணுவார். கீழே சரக்குத் தோணியில் இன்னொருவர் நின்று எண்ணுவார். இருவரும் தங்களுக்குள் கதைக்கக் கூடாது. பின்னேரம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்து வராவிட்டால் இரண்டு பேரும் சொன்னது செல்லாது. திரும்ப எண்ண வேண்டும். மற்றக் கிளாக்கர்மார் ஐந்து மணிக்கு இந்த முறையை வேலைத்தலத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டு போனார்.

ஞாயிறு பின்னேரங்களில் வாசிகசாலை யன்னல்களை மாச் சாக்கால் மறைத்து விவரணப்படம் காட்டுவார். போர், பத்திரிகைக்காரர் படும் பாடு, கதிரை பிடித்தவர்கள் அதைவிட்டு எழும்பாத கதை, இவைதான் அவருடைய சரக்கு. கொழும்பிலுள்ள தூதரகங்களுக்குக் கடிதம் எழுதினால் படச்சுருளை ரயிலில் அனுப்புவார்கள். ஒன்றின் முகத்தில் மற்றது விழிக்காத இரண்டு தூதரகங்களுக்கு ஒரே நாளில் எழுதுவார். இரண்டும் அவரைத் தங்களுடைய ஆள் என்று நம்பி, வருடப் பிறப்புக்குக் கலண்டர் அனுப்பின. இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டி, ஒரு மாதம் இது, மறு மாதம் அது என்று பாவித்தார்.

ஒருவருக்கும் ஒற்றைப் படம் சிபாரிசு செய்ய மாட்டார். இன்ன போர்ப்படம் நல்லதாமே என்று கேட்டால், "தனிய அதைப் பாத்தியளெண்டால் வருத்தம் வரும். மற்றப் பக்கத்தான் எடுத்ததையும் சேத்துப் பாத்தாத்தான் மருந்து" என்பார்.

படம் ஓடும்போதே இயந்திரத்தை நிறுத்தி, கமராக்காரன் இப்போது எங்கே நிற்கிறான் என்று சபையைக் கேட்பார். பதில் வராவிட்டால் சுருளைப் பின்னுக்குச் சுற்றி, அதே குண்டைத் திரும்பவும் போடுவார். ஒரே பாலம் எங்கள் கண்முன் ஆறு தரம் உடைந்திருக்கிறது. முன்வரிசையிலிருந்த மீன் வியாபாரி ஒருநாள் பொறுக்க ஏலாமல், "எங்க நிண்டாலும் அவன் தப்பி வந்திட்டான் ஐயா, நாங்கள்தான் மாட்டுப்பட்டுப் போனம்" என்றார். சோடிப்படக்காரர் யோசித்துப் பார்த்து, இது ஏற்றுக்கொள்ளக் கூடிய பதில் என்று படத்தை மேலே ஓட்டினார்.

அன்புவழிபுரத்தில் ஒரு கலியாண வீட்டார், வந்த சனத்துக்குப் பொழுதுபோக ஏதாவது படம் காட்டச் சொன்னார்கள். இரண்டு கொண்டு போனார். முதலாவதில் இரண்டு நாட்டுத் தலைவர்கள் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்து வைத்துக் கைகுலுக்கினார்கள். இரண்டாவது, அந்த உடன்படிக்கை எட்டு மாதத்தில் முறிந்த விதம். பெண்ணின் தகப்பன் ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் பிற்காலத்தில், வந்திருந்த அவ்வளவு பேரிலும் தனக்கு உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லித் திரிந்தார்.

அந்த நாளில் நான் கடையொன்றில் வேலைக்கு நின்றுகொண்டே கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச்செய்தி எழுதி வந்தேன். ஒருநாள் வின்ச் என்கிற பாரந்தூக்கியில் தூக்கிய மா மூட்டைகள் கயிறு அறுந்து தோணியில் விழுந்து, ஒருவருக்குக் கால் முறிந்தது. வின்ச் இயக்கியவர் கிண்ணியா ஹனிபா நானா. கொம்பனி மனேஜர் என்னைத் தன் அறையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, நடந்ததைச் சொன்னார். 'இயக்கியவரின் கவனயீனம்' என்று நான் எழுதினேன், அச்சிலும் வந்தது. ஹனிபா நானாவை வேலையிலிருந்து இடைநிறுத்தி, அடுத்த புதன்கிழமை விசாரணை என்றார்கள். அவருக்கு எதிராகக் கோப்பில் இருந்த ஒரே அத்தாட்சி என்னுடைய செய்தித் துண்டு. வேலை போனால் அந்த மனிதர் ஐந்து பிள்ளைகளோடு தெருவில்தான்.

சோடிப்படக்காரர் பத்திரிகையும் கையுமாகக் கடைக்கு வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, உங்கட செய்தி வாசிச்சனான். தமிழ் நல்லாயிருக்கு."

"சந்தோசம் ஐயா."

"இதின்ர மற்றது எப்ப வருது?"

"எந்த மற்றது?"

"தோணியில நிண்டு எழுதினது. இது கப்பல் தட்டில நிண்டு எழுதினதெல்லோ."

நான் கப்பல் தட்டிலும் நிற்கவில்லை, மனேஜரின் கதிரையில்தான் இருந்தேன் என்றேன்.

"அப்ப இது மூண்டாவது வகை. அதுக்கு என்னட்டைப் படம் இல்லை" என்று சொல்லி, பத்திரிகையை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் லீவு போட்டு, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். ஹனிபா நானா கோபிக்கவில்லை. கதிரை போட்டு இருத்தினார்.

"கயிறு நைஞ்சு போச்செண்டு காலையிலயே மனேஜருக்கிட்ட சொன்னன் தம்பி. இண்டைக்கு மட்டும் சமாளி எண்டாரு. பக்கத்துல நிண்ட ரெண்டு பேரும் கேட்டவங்க. பின்னேரம் வரைக்கும் சமாளிச்சன்."

"இதை ஏன் நானா முந்தியே சொல்லேல்லை?"

"ஆரு வந்து கேட்ட?"

கேட்டதையும் புதன்கிழமை விசாரணை என்பதையும் எழுதி அனுப்பினேன். பத்திரிகை அதைப் போடவில்லை. விசாரணைப் பக்கம் போக வேண்டாம், போனால் இனி எழுத வேண்டாம் என்று ஒரு தபாலட்டைதான் வந்தது.

விசாரணையில் ஹனிபா நானாவுக்காகக் கதைக்க வந்தவர் சோடிப்படக்காரர். விசாரிக்கிறவர் கொழும்புத் தலைமையகத்து அதிகாரி. இவர் எழும்பி, தொடங்குவதற்கு முன் ஐயா இரண்டு படம் பார்ப்பது நல்லது, மொத்தம் மூன்று மணித்தியாலம்தான், இயந்திரம் வெளியே வண்டிலில் ஆயத்தமாக இருக்கிறது என்றார். படம் தவிர வேறு ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"ஓம். இந்தத் தம்பி இருக்கிறார்" என்று பின்வாங்கில் இருந்த என்னைக் காட்டினார்.

தபாலட்டை என் சட்டைப்பையில் இருந்தது. எழும்பினேன். செய்தி என்னுடையதுதான், ஆனால் நான் சம்பவத்தைக் காணவில்லை, மனேஜரைத் தவிர ஒருவரையும் கேட்கவுமில்லை என்றேன். ஹனிபா நானா காலையில் முறையிட்டதைக் கேட்ட இரண்டு தொழிலாளர் வெளியே நிற்கிறார்கள் என்றும் சொன்னேன். அதிகாரி அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். பிறகு, அறுந்த கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டு வந்தார்கள். அது அறுந்திருக்கவில்லை. கடைக்காரன் கட்டிய விலை அட்டைகூட இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி அந்த அட்டையைக் கனநேரம் வாசித்தார்.

மத்தியானத்துக்கு முன் ஹனிபா நானாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அடுத்த கிழமை எனக்குக் கடிதம் வந்தது. ஏழு வருடம் எழுதிய பத்திரிகைக்கு இனி எழுத வேண்டாம் என்று இரண்டு வரியில் முடித்திருந்தார்கள். கடையின் பின்படியில் குந்தியிருந்தேன். சோடிப்படக்காரர் வந்து கடிதத்தை வாங்கி வாசித்தார். இதற்கும் ஏதோ சொல்லப் போகிறார் என்று பயந்தேன். மடித்துத் திருப்பித் தந்தார். பக்கத்தில் இருந்தார். எதிரே துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் எடுத்து, வளைந்து, வெளிக்கடலுக்குப் போய் மறையும்வரை என்னோடு சேர்ந்து அதையே பார்த்தார்.

"சாப்பிட்டனீங்களோ தம்பி?"

"இல்லை."

"எழும்புங்கோ. வீட்டை ரொட்டி சுட்டிருக்கு."

நடக்கும்போது என் தோளில் கை வைத்தவர், வாசல் வரும்வரை எடுக்கவில்லை. மனுசன் வீட்டை இன்னும் கொஞ்சம் தூரத்தில் கட்டியிருக்கலாம்.