எங்கே போகிறது என்று கேட்காமல் அனுப்பிய லோரி

நான் ஒரு சந்தேகப் பிராணி. மாத்திரையை விழுங்கிய பிறகும் அட்டையை எடுத்து இன்னொரு தரம் படிப்பவன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன். (எங்கள் வீட்டுப் பூட்டுகள் திருடனால் கெட்டதில்லை, என்னால்தான் கெட்டிருக்கின்றன.) அப்படிப்பட்டவன் ஒரு காலையில் வீட்டுச் சாமான் மொத்தத்தையும், கூடவே பெற்ற மகளையும், முன்பின் தெரியாத நான்கு பேரிடம் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். எட்டு வருடம் ஆகிறது. இன்றும் பனி இறங்கினால் மகள் எங்கே என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.

அப்போது பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துக்கு மாற்றல் வந்தது. என் மனைவி சரோஜா சாமான் கட்டத் தொடங்கினாள். நான் புதிய நோட்டுப் புத்தகம் வாங்கி, வீடு மாற்றித் தரும் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, முப்பத்திரண்டு கேள்விகள் எழுதினேன். லோரிக்கு மூடி உண்டா? ஆட்கள் கம்பெனி ஆட்களா, அன்றைக்குப் பிடித்தவர்களா? மலை வளைவில் அலமாரி சாய்ந்தால் யார் பொறுப்பு?

முதல் கம்பெனி ஒன்பதாவது கேள்வியில் போனை வைத்துவிட்டது. இரண்டாவது கம்பெனிக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "அதெல்லாம் செட்டில் பண்ணிடலாம் லா." மூன்றாவது, திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டும் முனுசாமி. நேரிலேயே வந்து சோபாவைத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஒடையாது சார், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா ஒரு மாசத்துக்கு சோபாவுல கோபிஸ் வாசம் வரும். பொய் சொல்லக் கூடாதுல்ல?"

முட்டைக்கோஸ் வாசனையோடு ஈப்போவில் புதுவாழ்வு தொடங்குவதா? நோட்டில் அவருக்கு ஒதுக்கிய பக்கத்தில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டேன். நான்காவதாக ஓர் ஈப்போ கம்பெனி முப்பத்திரண்டு கேள்விகளுக்கும் எழுத்திலேயே பதில் அனுப்பியது. அந்தக் கடிதத்தைச் சரோஜாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். (அவள் கேட்கவில்லை.)

பிறகு தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரியிடம் நல்ல நேரம் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மேல் என்றார். இரண்டு நிபந்தனைகள். நேரத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, கண் படும். சாமான் வாசலைத் தாண்டும்போது "எங்கே போறீங்க?" என்று யாரும் வாய் திறக்கக் கூடாது, போகிற காரியம் கெடும். இதை வீட்டில் பள்ளிக்கூடச் சட்டம் மாதிரி அறிவித்தேன்.

பக்கத்து வீட்டில் தோட்டத்துக் கிராணி இருந்தார். ஆபீஸ் குமாஸ்தாவாக முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவரும் எப்போதோ தெலுக் இந்தான் ஊரில் இருக்கும் மகனிடம் போகப்போகிறார் என்று தெரியும். எப்போது என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இருவரும் ஒரே பூசாரியிடம் போனவர்கள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது என்று கடிகாரம்தான் சொன்னது. வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. தேயிலைச் செடி இல்லை, துணி காயப்போடும் கம்பி இல்லை, எங்கள் வீட்டைப் போலவே தகரக் கூரையும் பச்சைக் கதவும் கொண்ட கிராணி வீடும் இல்லை. லோரி வந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் வந்து வாசலில் நின்றன. கறுப்பு மழைக்கோட்டில் நாலு பேர் இறங்கினார்கள். தொப்பிக்குள் முகம் தெரியவில்லை.

"வீடு மாத்துற வீடு இதானே?" என்றார் ஒருவர்.

"ஆமாம்."

அதன்பின் பேச்சே இல்லை. சாமான்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் நடந்து போய் மறைந்தன. கட்டில் போனது, மேசை போனது, சாமி படப் பெட்டி போனது. யார் தூக்குகிறார்கள் என்றே தெரியவில்லை. எனக்கோ ஒரே பூரிப்பு. என்ன ஒழுக்கம்! முப்பத்திரண்டு கேள்வி வீண்போகவில்லை!

"நீங்கள் எந்தக் கம்பெனி?" என்ற முப்பத்து மூன்றாவது கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அலமாரியைத் தூக்கும்போது முதலில் பேசியவர் திரும்பினார். "சார், இந்த அல்மாரி..." நான் பதறி உதட்டில் விரல் வைத்தேன். எங்கே போகுது என்று கேட்டுவிட்டால்? அவரும் ஏதோ புரிந்தவர் போலத் தலையாட்டினார். எல்லாம் ஏற்றி முடிந்ததும் லோரியின் சிவப்புப் பின்விளக்கு இரண்டும் வெள்ளைக்குள் கரைந்தன. கும்பிட்டேன்.

ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது.

"சார், ஈப்போ கம்பெனி பேசறோம். மன்னிச்சுக்குங்க, திரிங்காப்ல ஒரே பனி, காய்கறி லோரிங்க பின்னாடி மாட்டிக்கிட்டோம். இன்னும் அரை மணியில வந்துடுவோம்."

காலி வீட்டில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. உள்ளிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

"துர்கா உங்ககூடத்தானே இருக்கா?"

துர்கா எங்கள் ஏழு வயது மகள். அவள் என்னோடு இல்லை. சமையலறையில் இல்லை, குளியலறையில் இல்லை. நான் கூப்பிட்ட குரல் வெறும் சுவரில் பட்டுத் திரும்பி, வேறு யாரோ கூப்பிடுவது போல வந்தது. ஐந்து மணிக்கே எழுப்பியதால் குளிருது குளிருது என்று சிணுங்கிக்கொண்டிருந்தாள். கம்பளிகள் அலமாரியில் இருந்தன. வழியில் கதவு ஆடக் கூடாதென்று அந்த அலமாரிக்குத் தாழ்ப்பாள் போட்டவன் நான். உள்ளே பார்க்காமல்.

அப்போது பனியிலிருந்து ஓர் உருவம் வந்தது. சரோஜா அலறிவிட்டாள். பனியனும் மப்ளருமாகக் கிராணி.

"சார், ஆறரைக்கு வரவேண்டிய என் லோரி இன்னும் காணோம். நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

எனக்குப் புரிந்தது: நான் கும்பிட்டு அனுப்பியது அவருடைய லோரியை. நான் சொல்லி முடிக்கும் முன்னே அவர் தன் லோரிக்காரருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். நெடுநேரம் மணி அடித்தது. பிறகு ஒரு கிசுகிசுப்பு.

"ஐயா, ரிங்லெட் போற வழியில ஒரு வளைவுல நிப்பாட்டிட்டோம். இனிமே ஓட்ட முடியாது."

"ஏன்யா?"

"பின்னால பூட்டியிருக்கு, ஆளே இல்ல. ஆனா உள்ளேர்ந்து ஒரு சின்னப் புள்ள குரல் கேக்குது. கணக்குச் சொல்லுது. நாலு பேரும் கேட்டோம்."

கிராணி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார். நான் போனைப் பிடுங்கினேன். துர்காவுக்கு இருட்டு பயம். பயம் வந்தால் ஏழாம் வாய்ப்பாடு சொல்லு என்று பழக்கியிருந்தேன். (மற்ற அப்பாக்கள் பாட்டு சொல்லிக் கொடுப்பார்கள்.) ஒரே ஓர் இடத்தில் அவள் எப்போதும் வழுக்குவாள்.

"ஏழெட்டு எவ்வளவுன்னு சொல்லிச்சு?"

அந்தப் பக்கம் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். "ஐம்பத்தி நாலு."

"அது எம் பொண்ணுய்யா! கதவைத் தொற!"

"அது அப்படித்தான் சார், நமக்குத் தெரிஞ்ச குரல்லயே பேசும். நாங்க தொறக்க மாட்டோம். சாவி தர்றோம், நீங்க வந்து தொறங்க." பிறகு மெதுவாக, "இப்ப அந்தச் சத்தமும் நின்னுபோச்சு."

என் கார் வாசலில் நின்றது. கார் சாவி சரோஜாவின் கைப்பையில். கைப்பை, பத்திரமாக இருக்கட்டும் என்று நானே அந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்தது. நோட்டுப் புத்தகம் மட்டும் என் கையில் இருந்தது. சிவப்புக் கோட்டுக்கு அடியில் முனுசாமியின் எண் தெரிந்தது.

போன் போட்டதும், கியா பார்ம் சந்தையில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டு வந்தார். பத்து நிமிடம்தான். கதவைத் திறந்து கேட்டார்:

"ஏறுங்க சார். எங்க போவணும்?"

அன்று காலை அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வளைவுகள் ஒவ்வொன்றாக வெள்ளையிலிருந்து வந்து வெள்ளைக்குள் போயின. முட்டைக்கோஸ் வாசனை மூக்கை அடைத்தது. அலமாரிக்குக் காற்றோட்ட ஓட்டை உண்டா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சரோஜா என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. வழி முழுக்க ஒன்றுதான் சொன்னாள்: "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அந்த வளைவில் ஒரு பெட்டிக்கடை ஓரம் நாலு மழைக்கோட்டுகளும் ஒட்டி நின்றன. தொப்பி இல்லாமல் பார்த்தால் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். சாவியைத் தூரத்திலிருந்தே வீசினார்கள். லோரிக் கதவைத் திறந்தேன். உள்ளே அசைவில்லை. "துர்கா!" என்று கத்தினேன். அலமாரித் தாழ்ப்பாளை முனுசாமிதான் நீக்கினார்.

கம்பளிக் குவியலுக்குள் இரண்டு கண்கள் விழித்தன.

"அப்பா, ஏழெட்டுல மாட்டிக்கிட்டேன். ஏழெட்டு எவ்வளவு?"

இருபது வருடக் கணக்கு வாத்தியாருக்கு விடை வரவில்லை. பின்னாலிருந்து முனுசாமி சொன்னார்:

"ஐம்பத்தி ஆறு சார்."

எங்கள் சாமான் அங்கேயே காய்கறி லோரிக்கு மாறி ஈப்போ போய்ச் சேர்ந்தது. ஒரு கண்ணாடிக் கிண்ணம்கூட உடையவில்லை. என் எழுத்துப்பூர்வ கம்பெனி கிராணியின் சாமானைத் தெலுக் இந்தானுக்குக் கொண்டுபோனது. ஒரு மாத வாசனை என்று முனுசாமி சொன்னது மட்டும் பொய். மழை நாளில் சோபா இன்றும் மணக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. யார் வாசல் தாண்டினாலும், "எங்கே போறீங்க?" என்று வீடே சேர்ந்து கத்தும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த உறவினர்களையும் கேட்டோம். (அவர்கள் அதன்பின் வரவில்லை.) துர்காவுக்குப் பதினைந்து வயது. கணக்கில் கெட்டிக்காரி. டியூஷனுக்குக் கிளம்பும்போது வாசல் கேட் அருகில் நின்று, நான் கேட்கும்வரை காத்திருப்பாள். கேட்டதும் இடம் சொல்லுவாள், திரும்பும் நேரம் சொல்லுவாள். பிறகு, தெருவே கேட்கிற மாதிரி:

"ஏழெட்டு ஐம்பத்தி நாலுப்பா!"

நான் திருத்துவதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே வந்து உட்காருகிறேன்.