ஊர்ப் பெயருக்குக் காரணம் கிடைத்த வரலாறு

எண்ணூறு ஆண்டுகளாகக் காரணமே இல்லாமல் ஒரு பெயரைச் சுமந்துகொண்டிருந்த அந்த மாநகரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், தேநீர் வருவதற்கு முன்பே அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டது. உலக வரலாற்றில் இப்படியொரு சுறுசுறுப்பு வேறெங்கும் பதிவானதில்லை.

'பெயர்க் காரண ஆய்வுக் குழு'வின் செயலாளராகும் பாக்கியம் மாநகராட்சி எழுத்தருக்கு வாய்த்தது. கண்காணிப்பாளர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், அன்று சட்டையை இஸ்திரி போட்டே வந்திருந்தார். முதல் கதையை வாசித்தார். போருக்குப் போன ராஜாவின் குதிரை களைத்துப்போய் இங்கே படுத்துவிட்டதாம். வேறு வழியில்லாமல் ராஜா இங்கேயே ஊரைக் கட்டினாராம்.

"குதிரையே படுத்துட்ட ஊருக்கு எவன்யா தொழில் தொடங்க வருவான்?" என்றார் மேயர். "அடுத்தது?"

"கொள்ளையடிச்சதைப் பங்கு போட உக்காந்த திருடங்க உண்டாக்குன ஊர்னு ஒரு கதை இருக்குங்கய்யா."

"ஆதாரம் இருக்கா?"

"நெறையவே இருக்குங்க."

"அப்ப வேண்டாம்."

மூன்றாவது கதையில், தாகத்தோடு வந்த ராஜாவுக்கு ஒரு பெண் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தாள். மனம் குளிர்ந்த ராஜா அவள் பெயரையே ஊருக்கு வைத்தார். மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை ஒருமனதாக நிறைவேறியது. முன்யோசனை மிக்க அந்த நிர்வாகம், 'இந்த இடத்தில்தான்' என்று பொன்னெழுத்தில் கல்லை முன்னதாகவே செதுக்கிவிட்டு, கீழே வரலாற்றுக்கு இடம் விட்டிருந்தது. இனி அந்த இடம் எங்கே என்பதுதான் பாக்கி.

"பழைய கிணறு எங்கயாவது இருக்கா?"

எழுத்தருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க மாமியார் வீட்டுக் கொல்லையில இருக்குங்க."

அவர் வீட்டோடு மாப்பிள்ளை. சுவரில் ஒரு கல் பதிந்தால் மாமியாருக்குப் பெருமை, தனக்குப் பதவி என்று கணக்குப் போட்டிருந்தார்.

கல் பதிந்தது. பின்னாலேயே சட்டமும் வந்தது. கிணற்றோடு சேர்த்து வீடும் நினைவுச்சின்னம்; நினைவுச்சின்னத்துக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது.

"எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி, பாத்திரங்களைச் சாக்கில் திணித்தபடி.

"வரலாறு யாரையும் கேக்காதும்மா."

அவள் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

திறப்பு விழாவில், இப்போது கண்காணிப்பாளராகிவிட்ட அவர், நகரத்தின் விருந்தோம்பலைப் போற்றி உருகினார். வந்தவரை வாசலில் நிற்கவைக்காத ஊர் இது என்று சொல்லி நிமிர்ந்தபோது, கயிற்றுத் தடுப்புக்கு வெளியே துணிமூட்டையோடு மாமியார் நிற்பது கண்ணில் பட்டது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மேயர் பக்கத்தில் இருந்ததால் சமாளித்துக்கொண்டு, "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேக்கலாம்" என்று முடித்தார்.

மாமியார் கையைத் தூக்கினார்.

"வந்தவனுக்குத் தண்ணி குடுத்ததுக்கு ஊருக்கு ஒரு பேர் வெச்சீங்க, சரி மாப்ளை. இருந்தவளை வெரட்டினதுக்கு என்ன பேர் வெக்கப் போறீங்க?"