நேர்மை வகுப்புக்கு அத்தை போன கதை

குதைபியா, மனாமா
வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மாமா நாகலிங்கம் அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் விஜயபாஸ்கர் பணிவோடு எழுதுவது. இங்கே நான், சங்கீதா, குழந்தை, எங்களோடு தங்கியிருக்கும் அத்தை எல்லோரும் உடம்பளவில் சுகம். மற்றபடி சுகம் என்று எழுதக் கை கூசுகிறது. தங்கள் சுகத்தை நாங்களாகவே யூகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் யாருடைய போனையும் எடுக்கவில்லை. சங்கீதா கூப்பிட்டும் எடுக்கவில்லை, அத்தை கூப்பிட்டும் எடுக்கவில்லை. நான் கூப்பிடவே இல்லை, பயம்தான் காரணம். எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் முகம்மது யூசுப் பாய் இன்று ஊருக்குப் போகிறார். மதுரையிலிருந்து கீழக்கரைக்குப் போகும் வழியில் பரமக்குடியில் வண்டியை நிறுத்தி, இதைத் தங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அத்தை உங்களிடம் போனில் சொன்னது உண்மைதான். என் பரீட்சையை அவர்தான் எழுதினார். ஆனால் அது எப்படி நடந்தது என்பதை அவர் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். என் தொழில் உங்களுக்குத் தெரியும். முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் நேராக்கி வலி போக்கும் கைரோபிராக்டர். கல்யாணப் பத்திரிகையில் 'டாக்டர்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லியே நீங்கள் களைத்துப்போனதும் எனக்குத் தெரியும். இந்தத் தொழிலுக்கு இங்கே லைசென்ஸ் வேண்டும். அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் படித்து முடித்தவனும் மறுபடி படித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருத்தரங்கு, பயிற்சி, இணைய வகுப்பு என்று போனால் புள்ளி தருவார்கள், புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ். மற்ற டாக்டர்கள் எறும்பு மாதிரி வருஷம் முழுக்கச் சேர்க்கிறார்கள். நான் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். என்ன காரணம் என்று கேட்டால் சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

கடைசியில் காலக்கெடு கழுத்தைப் பிடித்தபோது, பெரிய ஓட்டல் ஒன்றில் நடந்த கருத்தரங்குக்குப் பணம் கட்டிப் போனேன். ஒரே நாளில் வேண்டிய புள்ளியில் பெரும்பங்கு கிடைத்துவிடும் என்று கணக்கு. வாசலில் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டு அதில் 'பீப்' என்று ஒரு கருவியைக் காட்டினார்கள். உள்ளே இடுப்பெலும்பைப் பற்றி ஒருவர் பேசினார், தோள்பட்டையைப் பற்றி ஒருவர் பேசினார். மத்தியானம் சாப்பாடு போட்டார்கள் மாமா. இந்த ஊர் பிரியாணியான ஆட்டுக்கறி மச்பூஸ், அதற்கு மேல் இனிப்பு வகைகள். சாப்பிட்ட பிறகு எனக்கு எந்த எலும்பும் நேராக நிற்கவில்லை. காருக்குள் போய் ஐந்து நிமிஷம் சாய்ந்திருப்போம் என்று போனவன் எழுந்தபோது ஓட்டல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வெளியே போகும்போது மறுபடி 'பீப்' காட்டினால்தான் புள்ளியாம். உள்ளே போனதற்குச் சாட்சி இருக்கிறது, வெளியே வந்ததற்கு இல்லை. அவர்கள் ஏட்டின்படி நான் இன்னமும் அந்த ஓட்டலுக்குள்தான் இருக்கிறேன்.

இதற்குள் லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது. இந்த வியாழக்கிழமைக்குள் புதுப்பிக்காவிட்டால் கிளினிக்கில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் விசா போகும், விசா போனால் வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு பரமக்குடிக்கு வந்து உங்கள் மாடியில்தான் நிற்க வேண்டும். அவசரம் அவசரமாக இணைய வகுப்புகளில் சேர்ந்தேன். மற்றவற்றை எப்படியோ நானே முடித்துவிட்டேன். மிஞ்சியது ஒன்றுதான், கட்டாய வகுப்பு, அரை நாள் ஓடக்கூடியது. அதன் தலைப்பை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: 'தொழிலில் நேர்மை'. ஆள் எழுந்து போகிறானா என்று பார்க்க லேப்டாப் கேமரா நடுநடுவே படம் எடுக்கும். முகம் இருக்கிறதா என்று பார்க்குமே தவிர யார் முகம் என்று பார்க்காது என்று இன்னொரு டாக்டர் சொன்னார். அன்றைக்குப் பார்த்து கிளினிக்கில் காலாவதிப் பஞ்சாயத்துக்காக என்னைக் கூப்பிட்டார்கள். சங்கீதா டியூட்டிக்குப் போய்விட்டாள். அத்தை கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அத்தே, இது முன்னாடி கொஞ்சம் உக்காந்திருக்க முடியுமா? நடுவுல பெட்டி மாதிரி ஒண்ணு வந்தா இந்த இடத்துல அமுக்கணும், அவ்வளவுதான்" என்றேன்.

"போட்டோ எடுக்குமா மாப்ள?" என்று கேட்டார்.

"எடுக்கும்."

"அப்ப சேலையை மாத்திட்டு வந்துர்றேன்" என்று உள்ளே போய், சங்கீதாவின் வளைகாப்புக்குத் தான் கட்டிய அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கிளம்பிவிட்டேன். பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். திரையில் ஒரு வெள்ளைக்காரர் பாடம் நடத்தியிருக்கிறார். வாத்தியார் பேசும்போது எழுந்து போவது மரியாதை இல்லை என்று அத்தை காபிகூடக் குடிக்கவில்லை. பெட்டி வந்தபோதெல்லாம் அமுக்கியிருக்கிறார். அந்த மனிதர் முடித்துவிட்டு நன்றி சொன்னபோது எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கூனிக்குறுக வேண்டியிருக்காது. வகுப்பு முடிந்ததும் பரீட்சை வரும் என்பதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. கேள்விக்கு நாலு பதில், ஒன்றைத் தொட வேண்டும், பக்கத்தில் கடிகாரம் வேறு ஓடும். அத்தை எனக்குப் போன் செய்திருக்கிறார், நான் மேனேஜர் முன்னால் நின்றுகொண்டிருந்ததால் எடுக்கவில்லை. மருமகன் லைசென்ஸ் போய்விடுமே என்று பதறி, நம் வீட்டில் முடிவு தெரியாத காரியத்துக்கு எப்போதும் என்ன செய்வார்களோ அதைச் செய்திருக்கிறார். பூக்கட்டிப் பார்த்திருக்கிறார். அரளி, மல்லிகை, சாமந்தி, துளசி என்று நாலையும் நாலு காகிதத்தில் மடித்து முருகன் படத்துக்கு முன்னால் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடி ஒன்றை எடுத்து, எது வந்ததோ அதற்கு உரிய இடத்தைத் தொட்டிருக்கிறார். முதல் தடவை முருகன் ஃபெயில். இரண்டாம் தடவையும் ஃபெயில். திரும்ப எழுத அனுமதி உண்டு என்பதால் மூன்றாம் தடவை எல்லைக்கோட்டில் பாஸ் செய்துவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கும் நீங்கள் பூக்கட்டித்தான் பார்த்தீர்கள், வெள்ளைப் பூ வந்துதான் நான் மருமகனானேன். அந்த முறையின் மேல் உங்களுக்கே இப்போது சந்தேகம் வந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை உங்களுக்குப் போன் செய்து, "ஏங்க, நானும் பரீட்சை எழுதி பாஸாயிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்ன அதே நேரம், கிளினிக்கில் எங்கள் மேனேஜர் அஃபீஃபா மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். சான்றிதழ் கிளினிக் மெயிலுக்கு வந்திருக்கிறது. கூடவே கேமரா எடுத்த படங்களும் வந்திருக்கின்றன. டாக்டர் விஜயபாஸ்கர் என்று பெயர், அதற்குக் கீழே வரிசையாக அரக்குப் பட்டில் அத்தை. நேராக உட்கார்ந்த அத்தை, கண்ணாடியைத் துடைக்கும் அத்தை, கும்பிடும் அத்தை, கண்ணை மூடிக் கையில் காகிதப் பொட்டலத்தோடு அத்தை. மேடம் ஒவ்வொரு படமாக நகர்த்தினார்.

"டாக்டர், இந்தப் பெண்மணி யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் மனைவியின் தாயார்" என்றேன்.

"நல்ல முகம்" என்றார். கும்பிடும் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, "வேறு எந்த வகுப்பாக இருந்திருந்தாலும் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது நேர்மை வகுப்பு, டாக்டர்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் மாமா. குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் உள்ளே இறங்கிவிட்டது. இதை மேலே அனுப்பப் போவதில்லை, நானே உட்கார்ந்து மறுபடி படித்து வியாழக்கிழமைக்குள் சான்றிதழ் கொடுத்தால் போதும், அதுவரை ஒரு நோயாளியையும் தொடக்கூடாது என்று சொல்லி, "கலாஸ்", அதாவது முடிந்தது, என்று கையைத் தட்டி உதறினார். நான்கு நாளாக வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டபடி என் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களிடம் வாயால் வைத்தியம் சொல்கிறேன். நேற்று யூசுப் பாயே கழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"டாக்டரே, ஊருக்குப் போற நேரத்துல கழுத்து திரும்ப மாட்டேங்குது. ஒரே ஒரு சொடக்கு போட்டு விடுங்க."

"தொடக்கூடாது பாய். லைசென்ஸ் முடிஞ்சு போச்சு."

"லைசென்சா? என் கழுத்துல என்ன லாரியா ஓட்டப் போறீங்க?"

சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். வேறு டாக்டரிடம் போகச் சொன்னால் அதற்கும் கேட்கவில்லை. அவர் உங்கள் வீட்டுக்கு வரும்போது உங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினால் தவறாக எண்ண வேண்டாம்.

இவ்வளவையும் வேறு யாருடைய மருமகன் செய்திருந்தாலும் ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். நீங்கள் தலைமை ஆசிரியராக இருந்தபோது பறக்கும் படையில் போனால் மாவட்டமே நடுங்கும் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார்கள். டிபன் பாக்ஸில் தயிர்சாதத்துக்கு அடியில் பிட் காகிதம் புதைத்திருந்தவனைக்கூடப் பிடித்தவர் நீங்கள். ஆள்மாறாட்டம் செய்த ஒருவனை உங்கள் சொந்தச் சித்தப்பா பேரன் என்று தெரிந்தும் விடவில்லை. அப்படிப்பட்டவர் பெண்டாட்டியைப் பரீட்சைக்கு ஆள்மாறாட்டம் செய்ய உட்கார வைத்திருக்கிறேன். 

அத்தை முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஊர்ல எல்லாத்தையும் பிடிச்ச மனுசன், பொண்டாட்டியப் பிடிக்க முடியலயேன்னு கோவம்" என்று சிரித்தார். திங்கட்கிழமை சிரிப்பு குறைந்தது. அடுத்த வாரம் அவருக்கு விசா முடிகிறது, ஊர் வர வேண்டும். நேற்று துணிகளை மடித்துக்கொண்டே, "அவுக கதவத் தொறப்பாகளா மாப்ள?" என்று கேட்டார்.  மாமா, லைசென்ஸ் போனால் போகட்டும், என் முகத்தில் நீங்கள் விழிக்காவிட்டாலும் போகட்டும். உட்காரும்போது அத்தைக்குப் பரீட்சை வரும் என்றே தெரியாது. அவர் செய்தது எனக்காக. குற்றம் முழுக்க என்னுடையது. அவரை அழைத்துப் போக மதுரைக்கு நீங்களே வர வேண்டும் என்று காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை, இந்த அவமானம் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. இனிமேல் குறுக்குவழி கிடையாது. நேர்மை வகுப்பை இந்தத் தடவை நானே உட்கார்ந்து, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை கேட்பது என்று அத்தையின் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். நீங்கள் மகள் கொடுத்த மருமகன் கெட்டவன் இல்லை, சோம்பேறி. அந்தச் சோம்பேறியும் ஞாயிற்றுக்கிழமையோடு செத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் சர்க்கரை மாத்திரையைத் தவறவிட வேண்டாம். பக்கத்து வீட்டாருக்கும் தெருவில் விசாரிப்பவர்களுக்கும் எங்கள் அன்பு. சொல்லக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். தங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்கும் யோக்கியதை இல்லாவிட்டாலும் கேட்கிறேன்.

தங்கள் தாழ்மையுள்ள மருமகன்,
விஜயபாஸ்கர்

பி.கு. மாமா, ஒரு விஷயம். பாய் இன்றே கிளம்புகிறார், வகுப்புக்கும் இன்றே கடைசி நாள். அதனால் காலையில் வகுப்பை ஓடவிட்டுவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். இரண்டு வரி எழுதிவிட்டுக் கவனிக்கலாம் என்றுதான் நினைத்தேன். மனது கடிதத்தில் போய்விட்டது. இரண்டு தடவை கிழித்து மறுபடி எழுதினேன். இப்போது நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைக்காரர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். குனிந்து எழுதிக்கொண்டே இருந்ததைக் கேமரா படம் எடுத்து, 'குறிப்பெடுத்து மிகுந்த கவனத்துடன் பயின்றார்' என்று பாராட்டு போட்டிருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. பரீட்சை ஏற்கெனவே பாஸ் என்று கணக்கில் இருப்பதால் மறுபடி வரவில்லை; 'இந்த வகுப்பை நானே முழுக் கவனத்துடன் கேட்டேன்' என்று உறுதி மட்டும் சொல்ல வேண்டும், ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். 'இல்லை' என்றால் முதலிலிருந்து ஓடுமாம், அதற்குள் ஆபீஸ் மூடிவிடும். பாய் கீழே ஹார்ன் அடிக்கிறார், இதைக் கிழித்து வேறு எழுத நேரமில்லை. 'ஆம்' அழுத்திவிட்டேன். நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, ஒன்றை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பத்தில் நேர்மை வகுப்பை அசையாமல் உட்கார்ந்து முழுசாகக் கேட்டவர் அத்தை ஒருவர்தான்.